எட்டுமூலை பேசும் மாதா

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன பாதர் டெரன்ஸ் பதினொரு மணிக்குத்தான் வருவார். ஒன்பதே முக்காலுக்கே வந்து எட்டுமூலையில் உட்கார்ந்திருப்பது ஹில்டாவின் தப்பு. அதற்கு அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அடுத்த பஸ்ஸில் போனால் குடியா முழுகிவிடும் என்று காலையில் லாம்பர்ட் கேட்டதும் நியாயம்தான், ஆனால் பெண்டாட்டி செருப்பை மாட்டுகிற நேரத்தில் மட்டும் நியாயம் பேசுகிற புருஷனுக்கு யார் பதில் சொல்வது. பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தாள், எலக்யூஷன் போட்டிக்கு மனப்பாடம் பண்ணின மாதிரி. அக்கா, அன்றைக்குப் பேசினது மாதா இல்லை, நான். எத்தனை வார்த்தை? ஆறு. ஆறு வார்த்தையைச் சொல்ல நாற்பது வருஷம். இட்லிப் பானையை அடுப்பில் வைத்தோமே, அணைத்தோமா? அணைத்தாள். திருகினது கையில் நினைவிருக்கிறது. இல்லை, அது நேற்றைக்குத் திருகினது. லாம்பர்ட்டுக்கு மூக்கு இருக்கிறதல்லவா, வாசனை வந்தால் எழுந்து பார்க்கட்டும். மேலே போகலாம். மேற்கு வரிசையில் பதினெட்டுப் படி ஏறினால் பிலோமி அக்கா வீடு. ஏறினால் அக்கா காபி போடுவாள், வழக்கம்போலச் சீனியை மறந்துவிட்டு, நீதான் குண்டாயிட்டே, வேண்டாம் என்பாள், காபி ஆறுகிற வரைக்கும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதற்கு இந்தப் படிக்கட்டே தேவலை. வெயில் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. தென்கிழக்கு மூலை, பொந்தின் வாசலில் இரண்டு படி. நாற்பது வருஷம் கழித்து அதே படியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், வேறு இடமே ஊரில் இல்லாத மாதிரி.

சதுக்கம் என்றால் நாலு மூலை. கான்வென்டில் சிஸ்டர் ஜெர்மேன் மேஜையை அடிஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது அதுதான். இதற்கு எட்டு. கில்ராய் துரை என்று ஒருத்தன், பஞ்சுக் கம்பெனிக்காரன், நாலு பக்கமும் கிடங்கு, கிடங்குக்கு மேலே ஆபீஸ், நடுவில் வெட்டவெளி என்று கட்டினான். தெற்கு வளைவில் மாட்டுவண்டி பொதியோடு உள்ளே வரும், வடக்கு வளைவில் காலியாக வெளியே போகும். வண்டி திரும்பும்போது சக்கரம் இடிக்காமல் இருக்க நாலு மூலையையும் சாய்வாக வெட்டிவிட்டான், நாலு எட்டாகிவிட்டது. அது புத்தி. அதுவரைக்கும் ஹில்டாவுக்குத் துரையின் மேல் ஒரு மரியாதைகூட உண்டு, அவள் வீட்டு அடுக்களையைக் கட்டின கொத்தனாருக்கு அந்த அளவுக்குப் புத்தி இருந்திருந்தால் கிரைண்டரை நகர்த்துகிற ஒவ்வொரு தடவையும் முழங்கையை இடித்துக்கொள்ள வேண்டியிருக்காது. ஆனால் வெட்டின மூலை ஒவ்வொன்றிலும் ஏன் குடைந்தான்? ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு பொந்து, மேலே சிப்பி விரித்த மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு மூடாக்கு, உள்ளே சங்குச் சுண்ணாம்பை அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து, தொட்டால் குழந்தையின் வயிறு மாதிரி இருக்கும். ஊரில் அதற்கு மூன்று கதை. நாலு பொந்துக்கும் நாலு சிலை சீமையிலிருந்து வந்தது, கப்பலோடு கொழும்புக்கு இந்தப் பக்கம் முங்கிப்போயிற்று என்று ஒன்று. காவல்காரன் மழைக்கு ஒதுங்க என்று ஒன்று. மூன்றாவது, கூலியாட்கள் முணுமுணுப்பதை ஒட்டுக்கேட்கத்தான் துரை கட்டினான் என்று. கடைசிக் கதையைச் சொன்னது அப்பா. கப்பல் ஆபீஸில் ரைட்டர் வேலை பார்த்தவருக்கு எந்தத் துரையும் ஒட்டுக்கேட்கிறவன்தான். ஒரு மனுஷன் கட்டடம் கட்டிவிட்டுக் காரணம் சொல்லாமல் செத்துப்போனால் ஊருக்குக் கொண்டாட்டம். வடக்கு வளைவின் உச்சியில் வருஷம் போட்டிருந்தது, ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று. மூன்று உதிர்ந்து வெறும் 187 நிற்கிறது. மாநகராட்சி நீலப் பலகையில் கில்ராய் என்று எழுதத் தெரியாமல் கில்லிராய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கான்வென்டின் பெரிய மதர் கன்சோலட்டா இருந்தால் பெயின்டரை வெயிலில் முட்டிபோட வைத்திருப்பாள்.

ஒட்டுக்கேட்கவோ என்னவோ, கேட்கும் என்பது நிஜம். அதைக் கண்டுபிடித்தது துரையும் இல்லை அப்பாவும் இல்லை, எட்டாம் வகுப்பு பி செக்‌ஷன். ஒரு பொந்துக்குள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மூச்சுக்காற்றில் பேசினால் போதும், அந்தக் குழிவு சத்தத்தை உள்ளங்கையில் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி மொண்டு நேர் எதிர்மூலைப் பொந்தில் கொண்டுபோய் ஊற்றும். நடுவில் நிற்கிறவனுக்கு ஒன்றும் கேட்காது. வேறு பிள்ளைகள் என்றால் இதை வைத்துக்கொண்டு என்ன பண்ணியிருப்பார்களோ, கான்வென்ட் பிள்ளைகள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் விளையாடினார்கள். வடமேற்குப் பொந்தில் பாவி. தென்கிழக்குப் பொந்தில் சாமி. சாமி திரும்பிப் பார்க்கக் கூடாது, கோயிலில் திரைக்குப் பின்னால் இருக்கிற மாதிரி முகத்தைச் சுவருக்குக் கொடுத்து நிற்க வேண்டும், கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு பேச வேண்டும், ஆம்பிளைக் குரல் வருவதற்கு. கிளாரிஸ் எப்போதும் தின்பண்டப் பாவம். மஸ்கோத்து அல்வா திருடினேன் சாமி, மக்ரூன் திருடினேன் சாமி. ஹில்டா சாமியாக இருந்தால் தண்டனை கடுமை: மகளே, ஐந்து அருள் நிறைந்த மரியே செபம் சொல்லு, வீடு வரைக்கும் ஒற்றைக்காலில் நொண்டு. மகளே என்று சொல்வதில் அவளுக்கு ஒரு ருசி. பதின்மூன்று வயசில் யாரையாவது மகளே என்று கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். அம்மா செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது, அவளை யாரும் மகளே என்று கூப்பிடவில்லை. அப்பா ஏட்டி என்பார். அக்கா அப்போதெல்லாம் சின்னக்குட்டி என்பாள்.

அந்தச் சனிக்கிழமை கிளாரிஸுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் இரண்டு மணி, காகம்கூட இல்லை. நெற்றி சுவரில், கைக்குட்டை கையில். சுவர் பேசிற்று. கிளாரிஸ் இல்லை. அழுது மூக்கடைத்த குரல், பெரிய பெண் குரல், தாயே என்று. தாயே, திங்கக்கிழமை ரயிலு. மஸ்கட் ஆர்டர் வந்து டிக்கெட்டும் வந்தாச்சு. இவ்வளவும் நீதான் குடுத்தே. ஆனா அந்தச் சின்னக்குட்டிய விட்டுட்டு நான் எப்படிப் போவேன், போகவா, இருக்கவா, நீயே ஒரு வார்த்தை சொல்லு. பிலோமி அக்கா. இருபத்துமூன்று வயசு, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்த பிலோமி அக்கா, புதுப் பெட்டியில் வெள்ளை ஷூ வாங்கி வைத்திருந்தவள், ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தவள், அப்பா காதில் விழாமல் அழுது செபிக்க ஆளில்லாத எதிர்மூலைப் பொந்துக்கு இறங்கி வந்திருக்கிறாள். சிரித்தது பொய்யா? அது ஒரு நிமிஷம் ஹில்டாவுக்குச் சந்தோஷமாக இருந்தது, இன்றைக்கும் அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. திங்கட்கிழமைக்கு அப்புறம் அந்தப் பதினெட்டுப் படிக்கு மேலே அப்பாவின் இருமலும் அவளும் மட்டும். கைக்குட்டை தானாக வாய்க்குப் போயிற்று. தானாகவா? கை அவளுடையதுதானே. போகாதே என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை பிள்ளை குரல், எவளோ விளையாடுகிறாள் என்று அக்கா திரும்பிப் பார்த்திருப்பாள். நிறுத்தவில்லை. போகாதே, மகளே. போகாதே என்றது பயம், அதற்குக் கடவுள் மன்னிப்பார், பயத்துக்கு எல்லாம் மன்னிப்பு உண்டு. மகளே என்றது களவு. அது மாதாவுடைய வார்த்தை என்று தெரிந்தே எடுத்தாள்.

என்ன சத்தம் அது? பின்னால், பொந்துக்குள். ஹில்டா திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, சுவர். இத்தனை வருஷம் இந்தப் பொந்து அடைத்துக் கிடந்தது, சோடாக் கம்பெனிக்காரன் காலிப் பெட்டிகளை அடுக்கித் தகரம் அடித்து வைத்திருந்தான், நடுவில் வரிசையாக நாலு பெட்டிக்கடை. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று போன மாதம் மாநகராட்சி எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டது. சிவப்புப் பெயின்டில் கோடு போட்டாயிற்று. வடமேற்கு மூலை போகிறது. அந்த மூலையில்தான் மாதா. அன்றைக்கு அக்கா அழுதுகொண்டே மேலே ஓடி அப்பாவிடம் சொன்னாள், அப்பா பங்குச் சாமியிடம் சொன்னார், திங்கட்கிழமை ரயில் பிலோமி இல்லாமல் போயிற்று, அடுத்த சனிக்கிழமை அந்தப் பொந்தில் ஒரு மெழுகுவர்த்தி நின்றது. அங்கே பாவசங்கீர்த்தனம் விளையாடினோம் என்று வாயைத் திறக்க பி செக்‌ஷனில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அப்புறம் நீலமும் வெள்ளையுமாக ஒரு மாதாச் சுரூபம், கம்பி அழி, மல்லிகைச் சரம். எட்டுமூலை பேசும் மாதா. கேள்வியைச் சுவரில் சொல்லிவிட்டுக் காதை வைத்துக்கொண்டு நிற்பார்கள், மீன்காரியும் நிற்பாள், வக்கீல் வீட்டு அம்மாவும் நிற்பாள், பொட்டு வைத்தவளும் முக்காடு போட்டவளும் நிற்பாள், சுவரில் காது படுகிற உயரத்தில் எண்ணெய்க் கறை பிடித்துக் கறுத்துப்போய்விட்டது. நாற்பது வருஷத்தில் ஒருத்தருக்கும் மாதா மறுபடி பேசினதாகக் கேள்வியில்லை. அது யாரையும் தடுக்கவுமில்லை.

இதோ, மறுபடியும். இந்தத் தடவை காற்று இல்லை. மூச்சு. ஹில்டாவின் முதுகில் ரவிக்கைக்கும் புடவைக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு ஜாண் சதை சில்லிட்டது. மாதாவே, எம்மவன் போனு எடுக்க மாட்டேங்கான், என்றது சுவர். நாலு மாசமாச்சு. இருக்கானா இல்லையா, அத மட்டும் சொல்லு, வேற ஒண்ணும் கேக்கலை. எதிர்மூலையில் மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டு அழிக்குள் ஒரு பொம்பிளை குனிந்து நிற்பது தெரிந்தது, நாற்பது தப்படிக்கு அப்பால், விரல் அளவு. குரல் மட்டும் கழுத்துக்குப் பின்னால். ஹில்டா எழுந்து போயிருக்கலாம். எழவில்லை. இருக்கான் என்று சொல்லேன், எவ்வளவு நேரம் ஆகும், அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாகப் போவாளே, நாலு மாசம் போன் எடுக்காத மகன் ஹில்டாவுக்கும் ஒருத்தன் இருக்கிறான், சிங்கப்பூரில், இருக்கிறான் என்று மட்டும் வாட்ஸ்அப்பில் தெரிகிறது. உதடு விரிந்துவிட்டது. இ என்ற எழுத்துக்கு விரிகிற மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து நின்றது, அதை அவள் அறிந்தபோது வாயில் ஏற்கனவே கை இருந்தது, கைக்குட்டை இல்லாத வெறும் கை. ஐம்பத்துமூன்று வயசில், இரண்டு பிள்ளை பெற்று, மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, இன்னும் அதே வாய். அந்தப் பொம்பிளை காதை எடுக்காமல் நின்றாள், நின்றாள், பிறகு விரலை முத்தமிட்டுச் சுவரில் ஒற்றிவிட்டுக் கூடையைத் தூக்கினாள். போகும்போது நடையில் ஒரு தெளிவு. ஒன்றும் கேட்காததையே பதிலாக எடுத்துக்கொண்டு போகத் தெரிகிறது இவர்களுக்கு. அந்தச் சாமர்த்தியம் பிலோமிக்கும் வாய்த்திருக்கலாம், இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்.

ஆக, சத்தம் இன்னும் போகிறது. அதுதான் விஷயம். பாதர் டெரன்ஸ் போன வாரம் போனில் சொன்னது அதைப் பற்றித்தான். இந்தக் காலத்துச் சாமியார், பிசிக்ஸ் படித்துவிட்டுக் குருமடம் போனவர். அம்மா, இந்த மாதிரிக் குழிவான சுவர் எதிரெதிரா இருந்தா சத்தம் தாவும்னு படிச்சிருக்கேன், ஒரு தடவை சோதிச்சுப் பாத்துருவோம். தாவுச்சுன்னா நான் மேலிடத்துக்கு ஒண்ணும் எழுத முடியாது, மூலை போயிரும். தாவலைன்னா, இயற்கையான காரணம் எதுவும் தெரியலைன்னு ஒரு வரி எழுதுவேன், அந்த ஒரு வரியை வச்சு ரோட்டைப் பத்தடி தள்ளி வளைச்சுருவாங்க. சாட்சிக்கு நீங்களும் வந்தா நல்லது, அக்காவுக்கும் அதான் ஆசை. அக்காவுக்கு ஆசை. அக்கா எதையாவது ஆசைப்பட்டு ஹில்டா கேட்டது அந்த வெள்ளை ஷூவோடு சரி. அப்புறம் பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்த அப்பாவுக்குத் துணி மாற்றினாள், ஹில்டாவை பி.ஏ. வரைக்கும் படிக்க வைத்தாள், நடுவிலே கல்யாணம் பண்ணி வைத்தாள், இரண்டு பிரசவத்துக்கும் பாளையங்கோட்டை வந்து நாற்பது நாள் பத்தியம் பார்த்தாள், தெருவில் ஊசி போட்டாள், சனிக்கிழமை தவறாமல் மாதாவின் அழியைத் திறந்தாள். கூடப் படித்த மெட்டில்டா மஸ்கட்டுக்குப் போய் ஒவ்வொரு லீவுக்கும் சென்ட் பாட்டிலோடு வருவாள், வந்து, பிலோமி, உனக்குத்தான் மாதாவே சொல்லிட்டாளே, நீ குடுத்துவச்சவ என்பாள். அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பொய் இருந்ததில்லை. அதுதான் பயம். மற்றவர்களுக்கு நகை நட்டு இருக்கிற மாதிரி அக்காவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. சொல்லிவிட்டால் அவளிடம் என்ன மிஞ்சும், ஊசி போடுகிற டப்பாவா?

சொல்லாமல் இருந்துவிடலாம். பஸ்ஸில் வரும்போது கொண்டுவந்த தைரியம் மீன்காரியோடு போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், சத்தம் வரவில்லை என்று அக்கா சொல்வாள், பாதர் எழுதுவார், மூலை நிற்கும், மாதா நிற்பாள், எல்லாரும் சௌக்கியம். பன்னிரண்டே காலுக்கு ஒரு பஸ், வீட்டில் மோர்க்குழம்பு. இரண்டாவது பிரசவத்தின்போது ராத்திரி பகலாகக் கூடவே இருந்தாளே அக்கா, அப்போது சொல்லியிருக்கலாம். அப்பாவின் அடக்கத்துக்கு மறுநாள் சொல்லியிருக்கலாம். உண்மையான பாவசங்கீர்த்தனத்தில், உண்மையான சாமியிடம், முப்பது தடவையாவது வாய் வரைக்கும் வந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் பொறாமைப்பட்டேன் சாமி, கோபப்பட்டேன் சாமி என்று கிளாரிஸின் மக்ரூன் மாதிரி சில்லறைப் பாவமாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவளிடம் விதவிதமான பதில் உண்டு, பிள்ளைத்தனம், அப்புறம் வெட்கம், அப்புறம் காலம் கடந்துவிட்டது. எல்லாம் இட்லித் துணி மாதிரி, எடுத்துப் பார்த்தால் ஓட்டை. சொன்னால் அக்கா போய்விடுவாள். அவ்வளவுதான் பதில். புருஷன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டு, அப்போதும் அக்கா இந்தப் படிக்கு மேலே இருக்க வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

"ஏட்டி, மேல வராம இங்கன என்னத்தப் பாத்துட்டு இருக்கே? சோடாக் கம்பெனில பாக்கி எதுவும் வசூல் பண்ணணுமா?"

அக்கா வந்து நின்றிருந்தாள். வெள்ளைச் சேலை, நரைத்த பின்னலை முடிந்து, அறுபத்துமூன்று வயசுக்கு நேரான முதுகு. வார்டில் ரவுண்ட்ஸ் வருகிறவளின் முதுகு.

"வெயிலா இருக்குன்னு உக்காந்தேன்."

"அங்க ஃபேன் இருக்கு. மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? லாம்பர்ட்டு கூடச் சண்டையா?"

"சண்டை போட அவருக்கு எங்க நேரம், டி.வி. பாக்கவே சரியா இருக்கு."

"அப்ப சுகர் பாக்கணும். நாக்க நீட்டு." நீட்டினாள். அக்கா சொன்னால் நீட்டித்தான் பழக்கம். "ஒண்ணுமில்ல. ஒனக்கு எப்பவும் ஒண்ணும் இருக்காது. எனக்குத்தான் நாப்பது வருஷமா மாதாவுக்கு வாட்ச்மேன் வேலை, ஒரு நா லீவு உண்டா? இந்தா, சாமியாரு வந்துட்டாரு பாரு. கைக்கடிகாரத்தை முழுங்கின மாதிரி வாராரு."

பாதர் டெரன்ஸ் வடக்கு வளைவுக்குள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார், தோளில் பை, கையில் நோட்டு. சின்ன வயசு, காதோரம் வேர்வை. இரண்டு பேருக்கும் வணக்கம் சொன்னார், சுற்றி நாலு மூலையையும் அண்ணாந்து பார்த்தார், பிரமாதமான கட்டடம்மா, இதை ஏன் யாரும் எழுதலை என்றார். எழுதினால் இடிக்க மாட்டார்களாக்கும் என்று ஹில்டாவின் நாக்கு துடித்தது. சாமியாராயிற்றே என்று விழுங்கினாள்.

"சிம்பிள்தான். பிலோமினாம்மா, நீங்க மாதா கெபியில காதை வச்சு நில்லுங்க. ஹில்டாம்மா, நீங்க இந்தப் பொந்துல சுவரைப் பாத்து மெதுவா ஏதாவது சொல்லுங்க, எங்கிட்டகூட என்னன்னு சொல்ல வேண்டாம். நான் நடுவுல நிக்கிறேன். கேட்டதை அவங்க வந்து சொல்லட்டும்."

"கேக்காது சாமி. அன்னைக்கு ஒரு குஞ்சு குருமானும் இங்க இல்ல. மத்தியான வெயிலு."

"அதைத்தாம்மா பாக்கப் போறோம்."

அக்கா நடந்தாள். மாநகராட்சி பெயர்த்துப்போட்ட கல்லைச் சுற்றிக்கொண்டு, வெயிலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, சின்னவளாகிக்கொண்டே போனாள். ஹில்டா இரண்டு படி ஏறிப் பொந்துக்குள் முகத்தைக் கொடுத்தாள். சோடாப் பெட்டியின் துரு வாசனை. அதற்கு அடியில் சுண்ணாம்பு வாசனை, குளிர்ச்சி, நெற்றியில் பதின்மூன்று வயசு. வாயை மூடு. மூடிக்கொண்டு நில். பத்து வரை எண்ணு. ஒன்று, இரண்டு. துணி உரசுகிற சத்தம் வந்தது. மூக்கால் விடுகிற மூச்சு, அக்காவுக்கு வலது மூக்கு எப்போதும் அடைப்பு. மூன்று. நான்கு. சுவர் பேசிற்று, ஆனால் ஹில்டாவோடு இல்லை. தாயே, என்றது. நாப்பது வருஷமாச்சு. ஒரு தடவ பேசினே, நான் இருந்தேன். ஏன்னு ஒரு நாளும் கேக்கலை. இப்ப உன்னையும் இடிச்சுத் தள்ளப் போறாங்களாம். நான் இருந்தது சரிதானான்னு இன்னொரு தரம் சொல்லேன். ஒரே ஒரு தரம். யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஐந்து. சரிதான் மகளே. இவ்வளவுதான் வேண்டும் அவளுக்கு. இரண்டு வார்த்தை. நாற்பது வருஷத்தையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாவாள், இதைவிட அன்பான காரியம் எதுவும் ஹில்டாவால் அவளுக்குச் செய்ய முடியாது, குரலும் தயாராக இருக்கிறது, ஐம்பத்துமூன்று வயசுக் குரலுக்குக் கைக்குட்டைகூடத் தேவையில்லை. இந்தத் தடவையாவது தன்னிடமிருந்து அக்காவைக் காப்பாற்ற இந்த உலகத்தில் ஹில்டாவைத் தவிர வேறு யாரும் இல்லை. அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, தன்மேல், துரைமேல், ஒருக்காலும் பேசாமல் இவளைப் பேசவிட்ட மாதாமேல்.

"அக்கா, நான் ஹில்டா," என்றாள். "அன்னைக்குப் பேசினதும் நான்தான். மாதா இல்ல. இங்கன நின்னேன். நீ போயிருவேன்னு பயந்து சொல்லிட்டேன்."

எங்கேயோ துறைமுக லாரி ஹார்ன் அடித்து ஓய்ந்தது. பாதர் நடுவில் நின்று தொண்டையைச் செருமினார், அது தூரத்தில், வேறு ஊரில் கேட்ட மாதிரி இருந்தது. ஹில்டா மூச்சுவிடாமல் காதை வைத்தாள், மீன்காரி வைத்த மாதிரி, வக்கீல் வீட்டு அம்மா வைத்த மாதிரி. அடைத்த மூக்கின் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, சீராக, பிறகு சீராக இல்லாமல். பிறகு, காதுக்குள் உதடு வைத்துப் பேசின மாதிரி:

"உன் கல்யாணத்தன்னைக்குச் சொல்லியிருந்தாக்கூட எனக்கு முப்பத்தொண்ணுதான்டி."

அவ்வளவுதான். அழி கிறீச்சிட்டது. ஹில்டா திரும்பினபோது அக்கா ஏற்கனவே வெயிலில் பாதி தூரம் வந்துவிட்டிருந்தாள், அதே நேர் முதுகு, கல்லைச் சுற்றிக்கொள்ளவில்லை, மிதித்து ஏறி வந்தாள்.

"ஒண்ணும் கேக்கலை சாமி."

"ஒண்ணுமேயா?"

"காத்து. நாப்பது வருஷமாக் காது வச்சவ நான், எனக்குக் கேக்காததா உங்க பிசிக்ஸுக்குக் கேட்டிரும்?"

பாதர் சிரித்தார். நிம்மதியா ஏமாற்றமா தெரியாத சிரிப்பு. "ஹில்டாம்மா, நீங்க சத்தமா சொன்னீங்களா? என்ன சொன்னீங்க?"

அக்கா அப்போதுதான் அவளைப் பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன்னால் நரம்பைத் தேடுகிற பார்வை. கோபமா என்று ஹில்டா அதற்குள் தேடினாள், கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாமே என்று. இல்லை.

"செபம் சொன்னேன் பாதர்."

அவர் ஸ்கூட்டரின் சீட்டில் நோட்டை வைத்து எழுதினார், இங்கிலீஷில், நல்ல கையெழுத்து. அக்கா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினாள். ஹில்டா வாசித்தாள். நோ நேச்சுரல் காஸ். கமா ஒன்று தப்பான இடத்தில் இருந்தது. அதற்கு அடியில் தன் பெயரை எழுதினாள். ஸ்கூட்டர் வடக்கு வளைவைத் தாண்டிப் போகிற வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன்கா அப்படிச் சொன்னே?"

"வாராளுவல்ல, அடுத்த சனிக்கிழமயும் வருவாளுவ. அவளுவ என்னட்டி பண்ணுனாளுவ?" அக்கா இடுப்பிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்தாள். சின்னச் சாவி, நூல் கறுத்திருந்தது. ஹில்டாவின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிரசவ வார்டில் வலிக்கு அப்படித்தான் மடக்குவாள். "சனிக்கிழம சனிக்கிழம திறக்கணும். அஞ்சு மணி வரைக்கும். பூவு பழசானா எடுத்துரு, வாடுனதப் போட்டு வச்சா அவளுக்குப் பிடிக்காது."

"அக்கா, நீ?"

"நான் போறேன்."

"எங்க?"

"தெரியலை. மொதல்ல பஸ் ஸ்டாண்டு."

மேலே போகவில்லை, கதவைப் பூட்டவில்லை, ஒரு பைகூட எடுக்கவில்லை. தெற்கு வளைவு, பொதியோடு வண்டி உள்ளே வருகிற வளைவு, அதன் வழியாக வெளியே நடந்தாள். அங்கே நிழலில் ஒரு தடவை நின்றாள், செருப்பில் ஏறின கல்லை உதறினாள், போய்விட்டாள். ஹில்டா கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு அவளிடம் எந்தக் குரலும் பாக்கியில்லை. காக்கிச் சட்டையும் கையில் மெழுகுவர்த்தியுமாக ஒரு ஆட்டோக்காரர் அழிக்கு வெளியே எட்டிப்பார்த்துக்கொண்டு நின்றார், எவ்வளவு நேரமாகவோ.

"யக்கா, பூட்டிட்டியளா?"

அக்கா பின்னாலேயே இழுத்துவிட்டு வந்திருக்கிறாள், பூட்டு தானாக விழுந்திருக்கிறது. ஹில்டா சதுக்கத்தைக் கடந்து போனாள். சாவி முதலில் சுழலவில்லை, கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்ப வேண்டும் என்று அவள் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆட்டோக்காரர் உள்ளே குனிந்து, சுவரில் எண்ணெய்க் கறை மேல் காதை வைக்கப் போனவர், திரும்பினார்.

"தீப்பெட்டி எங்கன இருக்கும்கா?"

"தெரியாது," என்றாள் ஹில்டா. "இருங்க, தேடிப் பாக்கேன்."